ம்க்கும்

தேரிவிளையில் கபடி வர்ணனை செய்கிற லிங்கதுரையின் குரல் விற்றுப்போன மறுநாள் காலையில், அவர் பெண்டாட்டி சுயம்புக்கனி அடுப்படியில் உட்கார்ந்து தேங்காய் துருவிக்கொண்டிருக்க, அவர் நிலைப்படியில் வந்து நின்று வாயைத் திறந்து மூடினார், மறுபடி திறந்து மூடினார், கையைக்கூட ஆட்டிப் பார்த்தார், ஒரு சத்தமும் வரவில்லை. காலங்காத்தாலே என்ன கூத்து இது என்று அவள் நிமிர்ந்தபோது, பக்கத்து வீட்டுப் பட்டுக்கனி சுவருக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தாள்.

"ஏ மைனி, அண்ணன் எம்புட்டு நேரமா கருவாடு சுடச் சொல்லிக் கேட்டுக்கிட்டு நிக்காவ. காதுல விழலையா?"

பட்டுக்கனி வீட்டில் இருந்தது மஞ்சப் பெட்டி. சுயம்புக்கனி வீட்டில் இருந்தது ஊதாப் பெட்டி. அவ்வளவுதான் விஷயம்.

பெட்டி என்றால் டிவியில் மாட்டி விளையாடுகிற வீடியோ கேம் பெட்டி. உலகத்தையே இரண்டாகப் பங்கு போட்டுக்கொண்ட இரண்டு பெரிய கம்பெனிகள், செம்மண் மேடும் பனங்காடும் தவிர வேறொன்றும் இல்லாத இந்த ஊருக்கு வந்து சேர்ந்ததற்குக் காரணம், சவூதிக்கும் துபாய்க்கும் போய்வந்த பிள்ளைகள் வீட்டுக்கு வீடு சுவர் அகலத்துக்கு டிவி மாட்டி வைத்திருந்ததுதான். மஞ்சக் கம்பெனி அடக்க விலைக்கும் கீழே பெட்டியை விற்றது. ஊதாக் கம்பெனி அதற்கும் கீழே இறங்கியது. அவன் பெட்டியோடு ஒரு பை கொடுத்தால் இவன் குக்கர் கொடுத்தான், இவன் குக்கர் கொடுத்தால் அவன் குக்கரோடு இட்லித் தட்டும் கொடுத்தான். இப்படி அள்ளிக் கொடுக்கிறானே, இவனுக்கு என்ன தலையெழுத்து என்று ஊர் சிரித்தது. பெட்டியில் விட்டதை ஆட்டத்தில் பிடிப்பான், ஒவ்வொரு ஆட்டத்தையும் தனித்தனியாக விற்று வட்டியும் முதலுமாகக் கறந்துவிடுவான் என்பதெல்லாம் குக்கர் கைக்கு வந்த சந்தோஷத்தில் யாருக்கும் உறைக்கவில்லை.

கார் ஓட்டுகிற ஆட்டமும் துப்பாக்கி சுடுகிற ஆட்டமும் கொஞ்ச நாளில் ஊருக்குச் சலித்துவிட்டன. தேரிவிளைக்காரனுக்கு ஆட்டம் என்றால் கபடி. கபடி என்றால் லிங்கதுரை. செம்மண் களத்தின் ஓரம் மேசை போட்டு உட்கார்ந்து, துண்டைத் தலையில் கட்டி, மைக்கைக் கையில் எடுத்து, "பாடி வாறான் பாரு, பனங்காட்டுக் காத்து, கோட்டத் தாண்டி வாறான், குலை நடுங்க வாறான்" என்று அவர் ஆரம்பித்தால், பக்கத்து ஊரில் உலையில் அரிசி போட்டவளும் போட்டபடி விட்டு வந்து நிற்பாள். ஆடுகிறவன் எதிராளிக் கூட்டத்துக்குள் விழுந்து எழும்பியதும் புள்ளி யாருக்கு என்று சொல்வதற்கு முன்னால் லிங்கதுரை தொண்டையை ஒரு செருமல் செருமுவார். ம்க்கும். அந்தச் செருமலின் அழுத்தத்திலேயே, ஏறினதா இறங்கினதா, தொட்டானா பிடிபட்டானா என்று கூட்டம் கண்டுபிடித்து விசிலடித்துவிடும்.

வீட்டிலும் அப்படித்தான். ஆம்பிளை வீட்டுக்குள் நுழைகிறதற்கு முன்னால் வாசலில் நின்று ஒருதரம் செருமுவது அந்தப் பக்கத்து மரியாதை. உள்ளே பொம்பளைகள் தலை உலர்த்திக்கொண்டு இருப்பார்கள், காலை நீட்டிப் படுத்திருப்பார்கள், திடுதிப்பென்று நுழையக்கூடாது. லிங்கதுரை வாசலில் ம்க்கும் என்றால் சுயம்புக்கனி உள்ளே தட்டை எடுத்து வைப்பாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து அப்படித்தான் நடந்தது, அதைப் பற்றி இருவரும் ஒரு நாளும் பேசிக்கொண்டதில்லை.

கபடி ஆட்டத்தை இரண்டு கம்பெனிகளும் ஒரே நேரத்தில் தயார் செய்தன. லிங்கதுரை குரல் எந்தப் பெட்டிக்குள் போகிறதோ அந்தப் பெட்டிதான் தெக்கத்திச் சீமை முழுக்க விற்கும் என்று இரண்டு பேருக்கும் தெரியும். ஊதாக்காரன் ஒரு போட்டியில் பொன்னாடைக்குப் பதிலாகப் பெட்டியையே அவர் தோளில் சாத்தி அனுப்பினான். மஞ்சக்காரன் அவரைக் காரில் ஏற்றிச் சென்னைக்கே கூட்டிப் போய், கையெழுத்து வாங்கி, கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்துவிட்டான். குரல் எங்களுக்கு மட்டும் என்று சொன்னானாம். மட்டும் என்றால் ஊதாக்காரன் ஆட்டத்துக்குப் போய்ப் பேசக்கூடாது, அவ்வளவுதானே என்று இவர் நினைத்தார். நாமெல்லாம் அப்படித்தான் நினைப்போம்.

"சத்தம் பிடிக்கிற தம்பி ரொம்ப ஏசுனான்" என்று, ஊருக்குத் திரும்பிய அன்று சாயங்காலம் அவளிடம் சொல்லிச் சிரித்தார். "அண்ணாச்சி, இந்தச் செருமல் எங்களுக்கு வேண்டாம், கேக்க அசிங்கமா இருக்குன்னுட்டான். ஒண்ணு விடாம வெட்டி வெட்டிக் குப்பையில போட்டான். இனிமே செருமவே கூடாதாம், தொண்டை கெட்டுப் போயிருமாம். ஒரு டப்பா கல்கண்டு குடுத்துவிட்டிருக்கான், வாயில போட்டுக்கிட்டே இருக்கணுமாம்."

"அதான் வாசல்ல சத்தங்காட்டாம களவாணி மாதிரி வந்து நின்னியளோ" என்றாள் அவள். அவர் குரலில் அவள் கேட்ட கடைசிச் சிரிப்பு அதுதான்.

எப்படி நடந்தது என்று கேட்காதீர்கள். எங்களுக்கு மட்டும் என்று கம்பெனி சொன்னது, அது நிஜமாகவே மட்டும் ஆகிவிட்டது. மஞ்சப் பெட்டி இருக்கிற வீட்டு ஆட்களுக்கு லிங்கதுரை தெருவில் பேசினாலும் கேட்டது, தோட்டத்தில் பேசினாலும் கேட்டது. ஊதாப் பெட்டி வீட்டாருக்கும் பெட்டியே இல்லாத வீட்டாருக்கும் அவர் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. அவர் வீட்டிலேயே ஊதாப் பெட்டி இருந்ததால் அவர் பேசுவது அவருக்கே கேட்கவில்லை.

நாலு நாள் ஊர் கூடிக் கூடிப் பேசியது, பிறகு பழகிக்கொண்டது. அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. எதையும் பழகிக்கொள்கிற ஊர் நம் ஊர். டீக்கடையில் மஞ்சள் பெஞ்சு ஒன்று, ஊதாப் பெஞ்சு ஒன்று என்று தனியாகப் போட்டார்கள். கபடிக் களத்தில் மஞ்ச வீட்டுக்காரன் வாய்விட்டுச் சிரிக்கும்போது, பக்கத்தில் இருக்கிற ஊதா வீட்டுக்காரன் அவன் முழங்கையைச் சுரண்டி, என்ன சொன்னாரு, என்ன சொன்னாரு என்று கெஞ்சினான். பொண்ணு பார்க்க வருகிறவர்கள் ஜாதகத்தோடு பெட்டியின் நிறத்தையும் கேட்டார்கள். அம்மன் கோயில் கொடைத் திருவிழாவில் ஒரு குழந்தை காணாமல் போய், இந்தப் பிள்ளையைப் பெற்றவர்கள் மேடைக்கு வரவும் என்று லிங்கதுரை தொண்டை கிழியக் கத்தியும், பெற்றவள் ஊதா வீட்டுக்காரி என்பதால் மேடைக்கு நேர் எதிரேயே நின்று மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். அதையும் ஊர் பார்த்தது. பார்த்துவிட்டு மறுநாள் கடைக்குப் போய் வரிசையில் நின்று மஞ்சப் பெட்டி வாங்கியது.

சுயம்புக்கனி வாங்கவில்லை.

"ஒரு பெட்டிய வாங்கிப் போட்டாத்தான் என்ன மைனி? ஊருக்கே கேக்கு, கட்டுனவளுக்குக் கேக்கல்லேன்னா நல்லாவா இருக்கு?" என்றாள் பட்டுக்கனி.

"என் வீட்டு அடுப்படியில நின்னு என் வீட்டுக்காரவிய கருவாடு கேக்காவ. அதக் கேக்கதுக்கு நான் எவனோ ஒருத்தன் கடையில போயி நிக்கணுமாக்கும்? வாங்கிட்டேன்னு வையி, அவிய குரலு அந்தப் பெட்டிக்குத்தான் சொந்தம்னு நானே கையெழுத்துப் போட்டுக் குடுத்த மாதிரி ஆயிரும்லா? மாட்டேன்."

அதனால் பட்டுக்கனிதான் சுவருக்கு மேலே தலையை நீட்டி இந்தப் பேச்சை அந்தக் காதுக்குக் கொண்டு சேர்த்தாள். நல்ல மனசுக்காரி, ஆனால் வாய் சும்மா இருக்காது. அண்ணன் சாப்பிட வாறேங்காவ என்று சொல்லிவிட்டு, குழம்புல உப்பு கம்மிங்காவ என்று தன் சரக்கையும் சேர்த்துவிடுவாள். லிங்கதுரை பதறிப்போய் இல்லை இல்லை என்று தலையை ஆட்டுவார். சுயம்புக்கனிக்குச் சிரிப்பு வரும், சிரித்து முடிக்கும் முன்னால் அழுகை வந்துவிடும். தன் புருஷன் தன்னிடம் சொல்கிற எல்லாவற்றையும் இன்னொருத்தி முதலில் கேட்கிறாள் என்பதை எந்தப் பெண்டாட்டி தாங்குவாள்? சில பேச்சைப் பட்டுக்கனியிடம் சொல்லிவிட முடியாது. அப்படிப்பட்ட பேச்சை அவர் சொல்லாமலே விட்டார், வர வர அது கூடிக்கொண்டே போனது.

ஒரு நாள் அவள் பஸ் ஏறி மஞ்சக் கம்பெனியின் ஷோரூமுக்குப் போனாள். அபினவ் என்கிற மேனேஜர் பையன் குளிர்ந்த தண்ணீர் கொடுத்து, எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னான்.

"மேடம், இது கோளாறு இல்ல. இதுதான் எங்க ஸ்பெஷாலிட்டி. பெட்டியில எங்களுக்கு நஷ்டம் மேடம். அடுத்தவங்ககிட்ட இல்லாத ஒண்ணு எங்ககிட்ட இருந்தாத்தான் ஜனங்க இந்தப் பக்கம் வருவாங்க. உங்க ஹஸ்பெண்டோட வாய்ஸ்தான் இப்ப எங்க மெயின் ஐட்டம். வேணும்னா உங்க ஊதாப் பெட்டியை எக்ஸ்சேஞ்சுல எடுத்துக்கறேன். ஃபேமிலி டிஸ்கவுண்ட் போட்டுத் தர்றேன்."

"நான் பெட்டி கேட்டு வரல்ல தம்பி. குரலக் கேட்டு வந்திருக்கேன்."

"அதான் மேடம், பெட்டி வாங்கினா குரல் கேக்கும்."

அவன் அப்படித்தான் திரும்பத் திரும்பச் சொன்னான், கோபமே வராமல், புன்னகை மாறாமல். திட்டியிருந்தால்கூட அவளுக்கு ஆறியிருக்கும்.

அவள் ஷோரூமுக்குப் போய்வந்தது ஊதாக் கம்பெனிக்குத் தெரிந்து, அடுத்த வாரமே அவர்கள் ஆள் பழத்தட்டோடு வீட்டுக்கு வந்துவிட்டான். "அம்மா, அவங்க உங்க வீட்டுக்காரர் குரலை எடுத்துக்கிட்டாங்க. நாங்க உங்க குரலை எடுத்துக்கறோம். அவர் பேசுறது மஞ்சளுக்கு, நீங்க பேசுறது ஊதாவுக்கு. நீங்க ரெண்டு பேரும் சண்டை போடுறதை முழுசாக் கேக்கணும்னா ஊரே ரெண்டு பெட்டியும் வாங்கியாகணும். ரெண்டு கம்பெனிக்கும் வளர்ச்சி" என்று கண்கள் பளபளக்கச் சொன்னான். சுயம்புக்கனி ஒன்றும் பேசவில்லை. பேசினால் அதையும் பிடித்துக்கொண்டு போய்விடுவானோ என்று பயமாக இருந்தது. பழத்தட்டைத் தூக்கித் தெருவில் வைத்தாள், அவன் செருப்பைப் பழத்தட்டின் மேல் வைத்தாள், உள்ளே வந்து வீட்டிலிருந்த ஊதாப் பெட்டியைத் தூக்கி, ஒருபக்கம் சாய்ந்து நின்ற தண்ணீர் டிரம்முக்கு முட்டுக்கொடுத்தாள். அந்தப் பெட்டி அந்த வீட்டில் செய்த ஒரே உருப்படியான வேலை அதுதான்.

அடுத்த கோடையில் மஞ்சக் கம்பெனி புது மாடல் இறக்கியது. பழைய பெட்டியைவிடப் பாதி கனம், இரண்டு மடங்கு வேகம். பழைய ஆட்டம் எதுவும் அதில் ஓடாது. ஓடவிட்டால் எவன் புதுசு வாங்குவான்? பழைய பெட்டிக்கான சேவை இன்றோடு நிறுத்தப்படுகிறது, இதுவரை ஆதரவு தந்தமைக்கு நன்றி என்று டிவியில் ஒரு வரி ஓடியது. புது மாடலுக்குப் புது கபடி, அதற்கு வேறு யாரோ ஒரு சினிமாக்காரர் குரல். மறுநாள் விடிந்தபோது லிங்கதுரையின் குரல் தேரிவிளையில் ஒருத்தருக்கும் கேட்கவில்லை.

"மைனி, அண்ணன் வாய் அசையுது, சத்தத்தக் காணோம்" என்று சுவருக்கு மேலே பட்டுக்கனி முகம் வெளுத்து நின்றாள். இனி இவளும் தன்னைப்போலத்தான் என்று சுயம்புக்கனிக்கு ஒரு நொடிகூடச் சந்தோஷம் வரவில்லை.

வாங்கினவன் உபயோகப்படுத்தவாவது செய்ய வேண்டாமா? உபயோகமில்லை என்றால் உடையவனிடம் திருப்பித் தர வேண்டாமா? லிங்கதுரை அதைத்தான் கேட்கப் போனார். கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டார். "ஹலோ, சொல்லுங்க சார்... ஹலோ, லைன்ல இருக்கீங்களா?... ஹலோ?" என்று அந்தப் பக்கம் ஒரு பெண் இனிமையாகக் கேட்டுக்கேட்டு, உங்கள் அழைப்புக்கு நன்றி என்று வைத்துவிட்டாள். மறுபடி போட்டார். மறுபடி நன்றி சொன்னாள். போனை மடியில் வைத்துக்கொண்டு, மீசையெல்லாம் நரைக்கத் தொடங்கிய அந்த மனுஷன் ஏங்கி ஏங்கி அழுதார், அந்த அழுகைக்கும் சத்தம் இல்லை.

கம்பெனி அனுப்பிக்கொண்டிருந்த கல்கண்டு தீர்ந்துவிட்டது, இனி அனுப்ப ஆளில்லை. தொண்டையைக் காப்பாற்றி என்ன ஆகப்போகிறது என்று அவர் பொழுதெல்லாம் செம்மண் மேடாகக் கிடந்த தேரிக்குள் அலைந்தார். ஒருநாள் வெயில் தாழ, தலையிலும் தோளிலும் புழுதியோடு வந்து வாசலில் நின்றார். உள்ளே போய் மட்டும் என்ன பேச என்று தயங்கினார். தொண்டையில் புழுதி உறுத்தியது.

ம்க்கும்.

சுயம்புக்கனி அடுப்படியில் தட்டை எடுத்து வைத்தாள். சோற்றை எடுத்துப் போட்டாள். குழம்புச் சட்டியைத் திறந்த பிறகுதான் தான் என்ன செய்கிறோம் என்பது அவளுக்கே உறைத்தது. அகப்பையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடினாள்.

"இப்ப என்ன செஞ்சிய? இன்னொருக்கச் செய்யுங்க."

அவர் விழித்தார். பிறகு மெல்ல, பயந்து பயந்து, ம்க்கும் என்றார். அது அவருக்கும் கேட்டது. தன் தொண்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அய்யோ எங்கம்மா" என்று படியிலேயே உட்கார்ந்துவிட்டாள் அவள். "அசிங்கம்னு வெட்டிக் குப்பையில போட்டாம்லா! வேண்டாம்னு எறிஞ்சத எவன் வாங்குவான்? இத நீங்க விக்கல்ல. இது நம்ம கிட்டயேதான் இருந்திருக்கு. இத்தன நாளும் கல்கண்டக் குடுத்து வாய அடச்சு வச்சிருக்கான் பாவி."

அதற்குப் பிறகு அவர்களுக்குப் பட்டுக்கனி தேவைப்படவில்லை. சின்னச் செருமலுக்குத் தண்ணீர், இழுத்த செருமலுக்குப் போதும், மூக்கு வழியாக வருகிற செருமலுக்கு என்ன அர்த்தம் என்று சுயம்புக்கனி யாரிடமும் சொல்லவில்லை.

அந்த வருஷம் கபடி இறுதி ஆட்டத்தை இரண்டு கம்பெனிகளும் சேர்ந்து நடத்தின. புது மாடல்களை விற்க வேண்டுமே. மேடையில் பாதி மஞ்சள், பாதி ஊதா. வர்ணனை கிடையாது என்று ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள், ஜனம் சாவு வீட்டுக்கு வந்த மாதிரி உட்கார்ந்திருந்தது. முதல் ஆள் கபடி கபடி என்று பாடிப் போய், நாலு பேர் பிடிக்குள் விழுந்து, புழுதிக்குள் ஒரு கை மட்டும் நீண்டு கோட்டைத் தடவியது. தொட்டதா இல்லையா என்று தெரியாமல் நடுவர் ஞானதுரை அண்ணாச்சியே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, மேசையில் சும்மா கிடந்த மைக்கை லிங்கதுரை எடுத்தார்.

ம்க்க்க்கும்!

ஏறின செருமல். தொட்டுவிட்டான். களத்தைச் சுற்றி இருந்த அத்தனை பேரும், மஞ்ச வீடு, ஊதா வீடு, பெட்டியே இல்லாத வீடு எல்லோரும், ஒரே நேரத்தில் எழும்பினார்கள். விசில் சத்தத்தில் பனங்காட்டிலிருந்த பறவைகள் கிளம்பிவிட்டன. அதற்குப் பிறகு ஆட்டம் முடிகிறவரை அவர் செருமினார். அடக்கிச் செருமினார், உருட்டிச் செருமினார், இறங்கின செருமலில் தோற்ற பையனைத் தட்டிக்கொடுத்தார். என்ன சொன்னாரு என்று ஒருத்தரும் ஒருத்தரையும் கேட்கவில்லை.

கோப்பை கொடுக்கிறதற்கு முன்பே அபினவ் மேடையில் ஒருபக்கம் ஏறினான், ஊதாக்காரன் மறுபக்கம் ஏறினான். "சார், இந்த சவுண்டை நாங்க எடுத்துக்கறோம்" என்றான் இவன். "எங்களுக்கு மட்டும்" என்றான் அவன். இரண்டு பேரும் மாறி மாறி விலையை ஏற்றிக்கொண்டே போனார்கள். லிங்கதுரை மைக்கைப் பிடித்தபடி நடுவில் ஒடுங்கி நின்றார். சுயம்புக்கனி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடை ஏறி, அவர் கையிலிருந்த மைக்கை வாங்கினாள்.

"ஒரு மனுசன் குரல வாங்குனிய. வாங்குனத வச்சுக் காப்பாத்துனியளா? புதுசு வந்ததும் பழைய பெட்டியோட சேத்து மூடிப் போட்டிய. திருப்பிக் கேட்டா நன்றிங்கிய. இது நீங்க குப்பையில எறிஞ்சது. நாங்க பொறுக்கி எடுத்துப் பொழைச்சுக் கெடக்கோம். இப்ப அதுக்கும் வந்து நிக்கியளே, ஒங்களுக்கு வெக்கமா இல்ல?"

"மேடம், இது பெரிய ஆஃபர்" என்றான் அபினவ், அதே புன்னகையோடு. "உங்க லைஃபே மாறிடும். ஒரு வார்த்தை, எஸ் ஆர் நோ சொல்லுங்க."

சுயம்புக்கனி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். முகவாயைத் தோளில் ஓர் இடி இடித்துக்கொண்டு, மைக்கில் சொன்னாள்.

"ம்க்கும்!"

அது லிங்கதுரையின் ம்க்கும் இல்லை. அது பொம்பளைகளின் ம்க்கும். நீயும் உன் மூஞ்சியும் என்று அர்த்தம். பிறகு பெண்கள் பக்கத்திலிருந்து பட்டுக்கனி, "ம்க்கும்!" என்றாள். கொடையில் பிள்ளையைத் தொலைத்துத் தேடிய தாய், இடுப்பில் அந்தப் பிள்ளையோடு, "ம்க்கும்!" என்றாள். டீக்கடைக்காரர் சொன்னார். நடுவர் ஞானதுரை அண்ணாச்சி விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார். மஞ்சள் பெஞ்சும் ஊதாப் பெஞ்சும் சேர்ந்து சொன்னன. அபினவின் புன்னகை அன்றைக்குத்தான் முதல்முதலாக முகத்தைவிட்டு இறங்கியது.

லிங்கதுரையின் குரல் இன்றுவரை திரும்பி வரவில்லை. ஓடாத ஆட்டத்துக்குள், எங்கோ ஒரு குளிர்ந்த அறையில், எவனுக்கும் பிரயோசனமில்லாமல் அடைந்து கிடக்கிறது, மஞ்சக்காரன் கொடுக்கமாட்டேன் என்கிறான். சுயம்புக்கனி மாதம் தவறாமல் பஸ் ஏறிப் போய்க் கேட்டுவிட்டுத்தான் வருகிறாள். திரும்பி வந்த களைப்போடு அவள் அடுப்படியில் உட்கார்ந்திருக்கும்போது வாசலில் ம்க்கும் என்று ஒரு சத்தம் வரும்.

"கேக்கு, கேக்கு" என்பாள் அவள், தட்டை எடுத்து வைத்தபடி. "உள்ள வாங்க."